கூண்டு ஏற்றியாயிற்று, செய்தி வந்து சேர்ந்ததா?

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கடற்கரை ஊர்களில் ஒரு வாசகம் வீடுதோறும் ஒலிக்கத் தொடங்கிவிடும். "நாகப்பட்டினம், கடலூர்த் துறைமுகங்களில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்பதே அது. முன்பு வானொலிப் பெட்டியில் கேட்டோம். இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கேட்கிறோம். கேட்ட மாத்திரத்தில் முற்றத்தில் காயும் துணிகளை எடுக்கச் சொல்வார் பாட்டியார். கடலுக்குப் போன மகனை எண்ணிக் கலங்குவார் அண்டை வீட்டுத் தாயார். ஆனால் மூன்றுக்கும் ஐந்துக்கும் என்ன வேற்றுமை, எட்டு என்றால் என்ன செய்ய வேண்டும், பத்து என்றால் எங்கே போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்லக்கூடியவர் தெருவுக்கு ஒருவர் தேறினால் அதுவே பெரிது. நாமும் நெடுநாள் அதை அறியாதிருந்தோம் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

இதில் மக்கள் மீது குற்றம் இல்லை. அந்த எண்கள் கப்பல்காரர்களுக்காக வகுக்கப்பட்டவை. பகலில் கூம்பும் உருளையுமாகக் கொடிமரத்தில் தொங்கும் கூண்டுகளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக எரியும் விளக்குகளையும் கண்டு, துறைக்குள் நுழைவதா விலகிப் போவதா என மாலுமி முடிவு செய்வதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று ஏறினால், எச்சரிக்கை தரும் நிலையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று பொருள். ஓலைக் குடிசையில் பிள்ளைகளோடு படுத்திருப்பவருக்கு இவற்றால் தெரியவருவது மிகக் குறைவு.

துறைமுகத்து எச்சரிக்கைக்கும் குடிசையின் வாசலுக்கும் நடுவே கிடக்கும் இந்தத் தூரத்தைப் பற்றியே இக்கட்டுரை. அதை அளந்து பார்க்க நாம் செல்ல வேண்டிய இடம் நாம் குளிக்கும் இதே வங்கக் கடலின் வடகோடி. அங்கே வாழும் வங்கதேசத்து மக்கள் அத்தூரத்தைக் குறைப்பதற்குக் கொடுத்த விலை உலகில் வேறெவரும் கொடுத்திராத ஒன்று. அதைக் குறைத்துக் காட்டிய விதமும் உலகம் வியந்து பார்க்கும் ஒன்று.

கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் கூடிக் கடலில் கலக்கும் அக்கரையின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கடல் அங்கே ஆழம் குறைந்தது. கரையோ புனலின் வாய்போல் இருபுறமும் ஒடுங்கிச் செல்வது. தெற்கிலிருந்து புயல் தள்ளிவரும் நீர் பக்கவாட்டில் விலகிப்போக வழியின்றி மேல்நோக்கி எழும். நிலமோ கடல் மட்டத்திற்குச் சில அடிகளே உயர்ந்தது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் ஆண்டுதோறும் புதுத் தீவுகளை உண்டாக்கும். இருப்பவற்றை அரித்துத் தின்னும். இப்புதுத் திட்டுகளைச் 'சர்' என்பர். வேறெங்கும் நிலமில்லாத ஏழைகள் அங்கே போய்க் குடியேறுவார்கள். கடல் தந்த நிலம், கடல் கேட்டால் கொடுக்க வேண்டிய நிலம் என்று தெரிந்தேதான் போகிறார்கள். 1876ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று பாக்கர்கஞ்ச் பகுதியில் வீசிய புயலில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் மடிந்தனர். அவர்களில் சரிபாதியினர் நீரில் மூழ்கி இறந்தவர்கள் அல்லர். புயலுக்குப் பின் வந்த வாந்திபேதியாலும் பசியாலும் இறந்தவர்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

1970ஆம் ஆண்டு நவம்பர் 12. அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். ரமலான் மாதம், நோன்பு பாதியை நெருங்கிக்கொண்டிருந்தது. வயல்களில் அமன் நெல் அறுவடைக்கு நின்றது. கதிரறுக்கும் கூலிக்காக உள்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போலா, ஹாத்தியா, மன்புரா முதலிய தீவுகளுக்கு வந்து தங்கியிருந்தனர். பிறை வளர்ந்து முழுநிலவாகும் இரவு அது. முழுநிலவில் ஓதம் மிகும் என்பது கடலோரத்தில் பிறந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோன்பு திறந்து, தராவீஹ் தொழுது, ஸஹருக்கு எழ வேண்டுமே என்று கண்ணயர்ந்த வேளையில், மிகுந்து நின்ற ஓதத்தின் மேல் புயல் தள்ளிய நீர்ச்சுவர் ஏறி வந்தது. விடிவதற்குள் இறந்தவர்கள் மூன்று இலட்சம் என்பார் உண்டு; ஐந்து இலட்சம் என்பாரும் உண்டு. எண்ணிப் பார்க்க ஆளில்லாதபோது எண்ணிக்கை ஏது? போலாத் தீவில் தஜுமுத்தீன் என்னும் வட்டத்தில் 1,67,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் ஓர் இரவில் மறைந்தார்கள்.

வெள்ளம் வடிந்த சில நாட்களில், டாக்காவிலிருந்த வாந்திபேதி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பிரட் சோமர், வைலி மோஸ்லி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் அப்பகுதிகளில் ஆய்வு நடத்தினர். குறைத்து மதிப்பிட்டாலும் 2,24,000 பேர் இறந்திருக்க வேண்டும் என்றது அந்த ஆய்வு. உயிர் தப்பியவர்களின் உடலில் அவர்கள் ஒரே விதமான காயத்தை மீண்டும் மீண்டும் கண்டார்கள். மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளின் உட்புறத்திலும் தோல் உரிந்து கிடந்தது. இரவெல்லாம் மரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்ததால் வந்த புண். மரத்தை இறுகப் பற்றும் வலிமை உடையவர் பிழைத்தார். அந்த வலிமை இல்லாதவர் போனார். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரே பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். இறந்தோரிலோ அவர்கள் சரிபாதி. ஒரு கையால் மரத்தையும் மறு கையால் குழந்தையையும் பிடித்திருந்த தாய்மார்களின் நிலையை நாம் விரித்துரைக்க விரும்பவில்லை. வங்கத்தின் பேரோவியர் ஜைனுல் ஆபிதீன் மன்புராத் தீவில் கண்டதை நீண்ட சுருள் ஓவியமாகத் தீட்டினார். 'மன்புரா 70' என்னும் அந்த ஓவியத்தில் உடல்கள்மேல் உடல்கள் கிடக்கின்றன. ஓரத்தில் ஒரு மனிதன் மட்டும் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கிறான்.

இங்கே நாம் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. புயல் வருவது தெரியாதா? தெரியும். செயற்கைக்கோள் அதைப் படம் பிடித்திருந்தது. வானொலி அறிவித்தது. புயல் வருகிறதென்ற செய்தியை அப்பகுதி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அறிந்திருந்தனர் எனவும், உறுதியான கட்டடம் தேடிச் சென்றவர்கள் நூற்றுக்கு ஒருவரே எனவும் அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வு கூறிற்று.

இந்தக் கணக்கைப் படித்தவர்களில் பலர் உடனே ஒரு முடிவுக்கு வந்தார்கள். 'இம்மக்கள் விதியை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இவர்களுடைய மார்க்கம் இவர்களை அப்படி ஆக்கிவிட்டது' என்று எழுதியவர்களும் உண்டு. நாம் இதை ஏற்பதற்கில்லை. ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை அறியாத முஸ்லிம் வீடு நம் நாட்டிலும் இல்லை, வங்கத்திலும் இல்லை. அந்தத் தீவுகளில் பல மைல் சுற்றளவுக்கு ஒரு காரைக் கட்டடம்கூட இல்லை. எங்கே போவார்கள்? போவதென்றால் மாட்டை என்ன செய்வது? அந்த ஒரு மாடு போய்விட்டால் அடுத்த ஆண்டு உழவு இல்லை. வீட்டைப் பூட்டப் பூட்டுமில்லை, கதவுமில்லை. போதாக்குறைக்கு அதற்கு முந்திய மாதந்தான் ஒரு புயலைப் பற்றி இப்படியே அறிவித்து, அது அஞ்சிய அளவுக்குத் தீங்கு செய்யாமல் போயிருந்தது. இத்தனையையும் எடைபோட்ட ஓர் ஏழை உழவன் 'இருப்போம், அல்லாஹ் காப்பான்' என்று சொன்னால், அதை விதிவாதம் என்பதைவிட வேறு வழியில்லாமை என்பதே பொருந்தும்.

அடுத்து நடந்த அரசியலைச் சுருக்கமாகவே சொல்வோம், ஏனெனில் அது பலரும் அறிந்தது. சீனப் பயணத்திலிருந்து திரும்பிய அதிபர் யஹ்யா கான் விமானத்திலிருந்து அப்பகுதியைப் பார்வையிட்டுவிட்டு மேற்கே போய்விட்டார். முதுமையிலும் நோயிலும் தளர்ந்திருந்த மௌலானா பாஷானி நேரில் போய்ப் பிணங்களைக் கண்டு, நவம்பர் 23 அன்று டாக்காவின் பல்டன் மைதானத்தில் மக்கள் முன் குமுறினார். டிசம்பர் 7 அன்று தேர்தல். கிழக்கிலிருந்த 162 பொது இடங்களில் 160 இடங்கள் ஷேக் முஜீபுர் ரஹ்மானின் அவாமி லீகுக்குப் போயின. புயல்தான் பாகிஸ்தானைப் பிளந்தது என்று சிலர் எழுதுவது மிகை; 1952இன் மொழிப் போராட்டம் முதலாகச் சேர்ந்து வந்த மனத்தாங்கல் அது. ஆயினும், இறந்தவர்களை அடக்கம் செய்யவும் வராத அரசு தம்முடையது அல்ல என்ற எண்ணத்தை அந்த நவம்பர் மாதம் உறுதிப்படுத்திற்று என்பதை மறுக்க முடியாது.

1971இல் போர் முடிந்து வங்கதேசம் பிறந்தது. கருவூலம் காலி, பாலங்கள் இடிந்து கிடந்தன, இலட்சக்கணக்கான அகதிகள் திரும்பிக்கொண்டிருந்தனர். அந்த நிலையில், 1972இல், பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பும் வங்கதேசத்துச் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து ஒரு காரியத்தைத் தொடங்கின. (இச்சங்கம் 1988 முதல் செம்பிறைச் சங்கம் என வழங்குகிறது.) 1973இல் அரசும் அதில் பங்குதாரராயிற்று. புயல் ஆயத்தத் திட்டம் என்பது அதன் பெயர். பெயரில் ஒரு கவர்ச்சியும் இல்லை. செய்த வேலையோ பெரிது.

திட்டத்தின் உயிர்நாடி எளிது. இரண்டாயிரம் மூவாயிரம் பேர் வாழும் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் ஒரு தொண்டர் குழு. தொண்டர்கள் வெளியூர்க்காரர்கள் அல்லர்; சம்பளம் வாங்குபவர்களும் அல்லர். அதே ஊரின் ஆசிரியர், கடைக்காரர், உழவர், மீனவர். எச்சரிக்கை சொல்வது, மக்களைப் புகலிடம் சேர்ப்பது, நீரில் சிக்கியவரை மீட்பது, முதலுதவி செய்வது, நிவாரணம் வழங்குவது என்று வேலையைத் தமக்குள் பிரித்துக்கொண்டார்கள். டாக்காவிலிருந்து கம்பியில்லாத் தந்தி வழியே கரையோர நிலையங்களுக்குச் செய்தி வரும். அங்கிருந்து குழுத் தலைவருக்கு வரும். அவரிடம் பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு வானொலி, வாயருகே பிடித்துப் பேசும் கையொலிபெருக்கி, கையால் சுழற்றும் சங்கு, மழைச் சட்டை, டார்ச் விளக்கு, சில கொடிகள். எண்களைப் புரிந்துகொள்ளாத மக்களுக்காகக் கொடிக்கணக்கு ஒன்றும் வகுத்தார்கள். எச்சரிக்கைக்கு ஒரு கொடி, அபாயத்திற்கு இரண்டு, பெரும் அபாயத்திற்கு மூன்று. மூன்று கொடி ஏறினால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான். துறைமுகத்துக் கூண்டு கடைசியில் கிராமத்தின் நடுவே வந்து சேர்ந்தது.

எழுத்தறியாதவர்களுக்காகச் சந்தைகளில் நாடகம் போட்டார்கள், ஒத்திகை நடத்தினார்கள். புயல் இல்லாத மாதங்களில்தான் இவ்வேலைகள் மிகுதி. உதவி என்றாலே நடந்த பின் ஓடுவதையே எண்ணிப் பழகியவர்கள் நாம். நல்ல வெயிலில், வானம் தெளிந்திருக்கும் நாளில், வரப்போகும் புயலைப் பற்றிப் பேசச் சம்மதிக்கும் பொறுமை எத்தகையது என்பதை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். புகலிடக் கட்டடம் எழுப்பப் பணமில்லாத இடங்களில் மண்ணைக் குவித்து உயர்ந்த மேடுகள் அமைத்தார்கள். மனிதரும் மாடும் ஏறி நிற்கத்தக்க அம்மேடுகளை மக்கள் 'முஜீப் கில்லா', அதாவது முஜீபின் கோட்டை, என்று அழைத்தார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் எழுதுவதற்கு இனிமையாக இருக்கும். முடியவில்லை. 1991 ஏப்ரல் 29 இரவு, மீண்டும் முழுநிலவை ஒட்டிய ஓதத்தின்மேல், மணிக்கு 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு ஒரு புயல் சிட்டகாங் கரையில் ஏறியது. குதுப்தியா, சந்த்வீப், பான்ஷ்காலி, காக்ஸ் பஜார் எங்கும் கடல் இருபதடி எழுந்தது. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். இலட்சக்கணக்கானோர் புகலிடம் சேர்ந்து பிழைத்தார்கள். ஆயினும் இறந்தோர் 1,38,000க்கு மேல். புகலிடக் கட்டடங்கள் அக்கரை முழுவதற்கும் சுமார் முந்நூறே இருந்தன. கொடி ஏறியது; ஓடி நுழையக் கூரை இல்லை.

புயலுக்குப் பின் நடந்த ஓர் ஆய்வு வீடு வீடாக விசாரித்து ஓர் உண்மையைக் கண்டது. செங்கல் அல்லது காரைக் கட்டடத்தை அடைந்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. அடையாதவர்களில் நூற்றுக்கு இருபத்திரண்டு பேர் இறந்தனர். ஒரு கூரைக்கும் ஒரு சுவருக்கும் இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா?

இன்னொரு கணக்கு இதைவிடக் கசப்பானது. இருபது முதல் நாற்பத்து நான்கு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்குப் பதினைந்து பேர் இறந்தார்கள் என்றால், ஆயிரம் பெண்களுக்கு எழுபத்தொருவர் இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஏன் இந்த வேறுபாடு? நீந்தத் தெரியாமை ஒன்று. நீரில் காலைச் சுற்றிய சேலை, முட்புதரில் சிக்கிய கூந்தல் என்பனவும் உண்மை. ஆனால் அவை கடைசி நிமிடத்துக் காரணங்கள். அதற்குமுன், மாலையிலேயே, கொடி ஏறியபோதே, அப்பெண்கள் ஏன் கிளம்பவில்லை? கணவர் வீட்டில் இல்லை. அவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். புகலிடத்தில் அந்நிய ஆண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். பெண்களுக்கென்று தனியறை இல்லை. ஒதுங்குவதற்கு ஒரு கழிப்பிடம்கூட இல்லை. எச்சரிக்கை சொல்ல வந்தவரும் ஆண். அவர் முற்றத்துக்கு வெளியே நின்று ஆண்களிடம் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இருந்த தாய்க்கு அச்செய்தி அரைகுறையாகவே போய்ச் சேர்ந்தது.

நம் வாசக சகோதரிகளும் சகோதரர்களும் இவ்விடத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம், ஏனெனில் இது நமக்கு அந்நியமான செய்தி அன்று. 'பெண்களைக் கண்ணியமாக வைத்திருக்கிறோம்' என்று நாம் பெருமையோடு சொல்வதுண்டு. உயிர் காக்கும் கட்டடத்தைக் கட்டும்போது அதில் அவர்களுக்கு ஓர் அறையை ஒதுக்க மறந்துவிட்டு, பிறகு அவர்கள் வரவில்லை என்று குறைகூறுவது எந்தக் கண்ணியத்தில் சேர்த்தி? கண்ணியம் காக்க விரும்பிய பெண்ணுக்கு வெளியே வர வழி செய்யாமல் விட்டவர்கள் ஆண்கள். மார்க்கத்தைப் பழிப்பவர்களும் இதைக் கவனிக்கவில்லை. மார்க்கத்தைக் காக்கிறோம் என்பவர்களும் கவனிக்கவில்லை.

வங்கதேசத்தார் கவனித்தார்கள் என்பதே நாம் போற்ற வேண்டியது. 1991க்குப் பின் எழுந்த புகலிடங்கள் பலவற்றில் பெண்களுக்குத் தனியறையும் கழிப்பிடமும் அமைந்தன. மாடுகளை ஏற்றிக் கட்ட இடமும் விட்டார்கள். அக்கட்டடங்கள் மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்கள். தூண்களின்மேல் உயர்ந்து நிற்கும் அப்பள்ளியில் பிள்ளை நாள்தோறும் படிக்கிறான். புயலன்று தாயையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு போக அவனுக்கு வழி தெரியும். தாய்க்கும் அது அந்நிய இடமன்று. தொண்டர் குழுக்களில் பெண்களைச் சேர்த்தார்கள். முதலில் குழுவுக்கு இரண்டொருவர். இன்று சுமார் 76,000 தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள். அடுக்களை வரை சென்று, அடுப்பருகே உட்கார்ந்து, 'அரிசியை மண்ணில் புதைத்து வை, பத்திரங்களைப் பொதிந்து இடுப்பில் கட்டிக்கொள், கிளம்பு' என்று சொல்ல ஒரு பெண்ணால்தான் முடியும். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் எச்சரிக்கைக்குப் பயன்பட்டன. நாள்தோறும் பாங்கு சொல்லும் அதே முஅத்தினின் குரலில் வரும் செய்தியை நம்புவது மக்களுக்கு எளிதாயிற்று.

2007 நவம்பர் 15 அன்று சித்ர் என்னும் புயல் வந்தது. காற்றின் வேகம் 1991க்குக் குறைந்ததன்று. சுந்தரவனக் காடு அதன் வேகத்தை ஓரளவு தாங்கிக்கொண்டது. 15 இலட்சம் பேருக்கு மேல் புகலிடங்களில் இருந்தனர். இறந்தோர் ஏறத்தாழ 3,400. முன்னதோடு ஒப்பிட்டால் நாற்பதில் ஒரு பங்கு. ஆயினும் மூவாயிரம் வீடுகளின் துயரத்தை வெற்றி என்று எழுத நமக்குக் கை வரவில்லை. இதிலும் பழைய பாடம் ஒன்று திரும்பி வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு சுமத்ராவில் நிலம் நடுங்கியபோது சுனாமி வருமென்று மக்களைக் கிளப்பினார்கள்; அது வரவில்லை. அந்த நினைவில் சித்ர் புயலின்போது வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் உண்டு. 1970 அக்டோபரில் நடந்ததும் இதுதானே.

உயிர் பிழைத்தபின் என்ன என்பது இன்னொரு கேள்வி. 1876இல் பாதிப்பேர் புயலுக்குப் பின்னர் இறந்தார்கள் என்று முன்னர்க் குறித்தோம். 2009 மே 25 அன்று வந்த ஐலா புயலில் வங்கதேசத்தில் இறந்தோர் இருநூறுக்கும் குறைவு. உலகச் செய்தித்தாள்கள் இரண்டு நாளில் மறந்துவிட்டன. ஆனால் குல்னா, சாத்கீரா மாவட்டங்களில் அணைகரைகள் உடைந்துபோயின. 1960களில் ஆற்றையும் கடலையும் தடுத்து எழுப்பிய கரைகள் அவை. அவற்றால் வண்டல் உள்ளே வராமல் நின்று, நாளடைவில் உள்நிலம் வெளியாற்றைவிடத் தாழ்ந்துபோயிருந்தது. இறால் பண்ணைக்காரர்கள் உப்புநீர் வேண்டிக் கரையைத் துளைத்துக் குழாய் வைத்ததும் அதைப் பலவீனமாக்கியது. உடைந்த வாயில் வழியே நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்கிற்று. சில ஊர்களில் அந்த வாயை அடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை குடும்பங்கள் எஞ்சிய கரையின்மேலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. சுற்றிலும் நீர்; குடிக்க ஒரு குடம் நீருக்குப் பல மைல் நடை. வயலில் உப்பு, நெல் இல்லை. ஆண்கள் கூலி தேடி நகரங்களுக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. எச்சரிக்கையில் தேர்ந்த நாடு மீட்சியில் தடுமாறியது. ஓரிரவுக்குத் தொண்டர் போதும். இரண்டாண்டுக் காலம் கரையை அடைக்கப் பணமும் பொறியியலும் அரசின் கவனமும் வேண்டும். அவை ஏழைகளின் பக்கம் எளிதில் திரும்புவதில்லை.

நம் கரைக்கு வருவோம். இதே கடல்தான் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கியது. 1977 நவம்பர் 12 அன்று நாகையைத் தாக்கியது. ஒரு வாரம் கழித்து ஆந்திரத்தின் திவிசீமாவில் பத்தாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கிய பின் நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல ஓர் ஏற்பாடும் அன்று இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் அன்றே, அரசு அதிகாரிகள் வருமுன்பே, அக்கம்பக்கத்து மீனவர் குப்பங்களிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்து, சமைத்துப் போட்டு, இறந்தவர்களை மீட்டெடுத்து அடக்கம் செய்ததை நாடறியும். மதம் பார்த்து அவர்கள் சோறிடவில்லை. அது எப்படி முடிந்தது? அங்கே ஏற்கெனவே ஓர் அமைப்பு இருந்தது. யாரை எழுப்ப வேண்டும், பெரிய தேக்சாக்கள் எங்கே இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே நாட்களில் நாட்டின் பல பாகங்களிலிருந்து லாரி லாரியாக வந்த பழந்துணிகள் நாகைச் சாலையோரங்களில் மழையில் நனைந்து மக்கிக் கிடந்தன. அனுப்பியவர்களின் உள்ளத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் எது வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்டறிந்தவர் எத்தனை பேர்?

2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் ஏற்பட்டது. நம் கரையோரத்தில் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்களும் கட்டப்பட்டுள்ளன. உங்கள் ஊருக்கு அண்மையில் அத்தகைய கட்டடம் எங்கே இருக்கிறது? அதன் சாவி யாரிடம்? பெண்களுக்குரிய அறையும் கழிப்பிடமும் அதில் உண்டா? தெருக்கோடியில் தனியே வாழும் மூதாட்டியைத் தூக்கி வர வேண்டியவர் யார் என்று யாராவது பெயர் குறித்து வைத்திருக்கிறார்களா? ஜும்ஆத் தொழுகைக்குப் பின் கலையும் கூட்டத்தில், ஆடி மாதத்துத் தெளிந்த வெயிலில், கால் மணி நேரம் பேசி முடிவு செய்யக்கூடிய செய்திகள் இவை.

2020 மே 20. ஆம்பன் என்னும் பெரும்புயல் வங்கத்தை நோக்கி வந்தது. அதுவும் ரமலான் மாதம். அந்த இரவை வங்கதேசத்தார் பிறை இருபத்தேழின் இரவாக, லைலத்துல் கத்ர் இரவாகக் கொண்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நோன்பு திறந்து உறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இம்முறை உறங்கவில்லை. கொரோனா நோய் பரவியிருந்த காலம் அது. கூட்டமாகச் சேர்வதே அபாயம். ஆகவே ஓரிடத்தில் நெருக்கமாகத் தங்காதிருக்க வழக்கத்தைவிட மிகுதியான கட்டடங்களைத் திறந்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புகலிடங்கள், சுமார் 24 இலட்சம் மக்கள், கூடவே ஆடுமாடுகள். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்ட பெண் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் அழைத்து வந்தார்கள்.

அந்தப் புயலில் வங்கதேசத்தில் இறந்தோர் முப்பதை எட்டவில்லை. அவர்களில் ஒருவர் பட்டுவாகாலி மாவட்டத்துத் தொண்டர். கிளம்புங்கள் என்று சொல்வதற்காகப் படகில் போனபோது கால்வாயில் படகு கவிழ்ந்து அவர் மூழ்கிப்போனார்.